பொட்டு வைத்த வில்லை

கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. இன்றைக்கு இந்தக் கூடத்தில் யாருக்கும் தனி இடம் கிடையாது. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால்தான் குளிர் தெரியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் நடுவுக்கு வந்துவிடுங்கள். பொரி எல்லாருக்கும் வந்ததா? கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன கப்பலில் வந்த குடும்பங்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான். வந்து காலூன்றுவதற்குள் விளக்கைக் குறைத்து, அறைகளை அடைத்து, ஊரையே ஒரு கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்களே, இது என்ன வழக்கம் என்று நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வில்லையைப் பற்றியும், கை மறதியாக அதில் பொட்டு வைத்துவிட்ட ஒருத்தியைப் பற்றியும் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது குளிர் குறைந்திருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

நாம் இருக்கும் இந்தப் பள்ளத்தில் வெயில் விழுந்ததே இல்லை. நிலவின் தென்கோடியில் சூரியன் மேட்டின் தலையை மட்டும் தடவிக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறது. வெயில் படாததால்தான் இங்கே பனிக்கட்டி கிடக்கிறது. அதை வெட்டத்தான் நாமும் இங்கே கிடக்கிறோம். மின்சாரம் விளைவது மேட்டில். அதைக் கம்பியில்லாமல் கதிராக்கிப் பள்ளத்துக்குள் பாய்ச்சுபவை அங்கே வரிசையாக நிற்கும் ஏழு குழல்கள். உங்கள் சுவரின் சூடும், காற்றைச் சுற்றிவிடும் விசிறியும், பிள்ளைக்குப் பால் காய்வதும் அந்தக் கதிரால்தான்.

ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு வில்லை. கேத்தோடு என்பது அதன் படித்த பெயர். அதைச் சூடேற்றினால் மேல்பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றை இழுத்து ஓடவிட்டால் அந்த ஓட்டம் கதிராக மாறும். பூமியில் இப்படி ஒரு குழல் வேண்டுமென்றால் கண்ணாடியிலோ உலோகத்திலோ அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். இங்கே வெளியே இருப்பதே வெற்றிடம்தானே. அதனால் நம் குழல்களுக்கு மூடி இல்லை. ஏழு வில்லைகளும் வெட்டவெளியில், புகையில்லாமல், அசைவில்லாமல், பழுத்த தணல்போல நின்றுகொண்டிருக்கும்.

ஆவுடை தென்காசிப் பக்கத்துக்காரி. வில்லை மாற்றும் அணிக்கு மேஸ்திரி. இளம்வயதில் வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. நிலவின் குறைந்த ஈர்ப்புக்குப் பழகிப் பழகி அவள் எலும்பெல்லாம் மெலிந்து போயிருந்தது. "இனிமே பூமிக்குப் போனா உங்களால எழுந்து நிக்க முடியாதும்மா. நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்னும் சொல்ல முடியாது" என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். "நான் ஏன் போறேன்" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் காலத்திலும் ஆயுத பூஜை அன்று குழல்களுக்கு லீவு. கம்பெனி ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. வில்லைகளின் சூட்டை அணைக்க மாட்டார்கள். இழுப்பை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அன்றைய பாட்டைச் சேமிப்பு மின்கலங்கள் பார்த்துக்கொள்ளும். ஆவுடை ஒவ்வொரு குழலின் தூணுக்கும் பொட்டு வைப்பாள். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைப்பார்கள்.

"யக்கா, சக்கரம் ஏறுறதுக்கு முன்னாடியே பழம் கல்லாப் போயிருது. நசுங்க மாட்டேங்கு. வண்டிதான் குலுங்குது" என்பார் பீர்முகமது. மேலப்பாளையத்துக்காரர். ஆவுடையின் அணியில் மூத்த கை, வாய் அதைவிட மூத்தது.

"குலுங்கட்டும். சாமிக்குத் தெரியும்" என்பாள் அவள்.

அப்படியொரு பூஜை நாளில்தான் அது நடந்தது. ஏழாவது குழலில் அன்றைக்கே வில்லை மாற்ற வேண்டியிருந்தது. கையிருப்பில் கடைசிப் புது வில்லை. பட்டறையில் அதை டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் குங்குமக் கிண்ணம். புதுசாக ஒரு குடம் வீட்டுக்கு வந்தாலும், ஒரு மிக்சி வந்தாலும் நம் வீட்டுப் பெண்களின் கை என்ன செய்யும்? அதையே அவள் கையும் செய்தது. வில்லையின் நடு நெற்றியில் ஒரு பொட்டு.

"யக்கா" என்றார் பீர்முகமது மெதுவாக. "அது தூணு இல்ல. வில்லை."

ஆவுடை கையைப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் தேமல் மாதிரி ஒரு மங்கல் நின்றுவிட்டது.

மேட்டின் இன்ஜினியர் தேவசகாயத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாகர்கோவில் பையன், வந்து அதிக காலம் ஆகவில்லை. வில்லையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன குங்குமம்?"

"நம்ம பசுமைக்கூடத்து மஞ்சள்தான். சுண்ணாம்பு சேர்த்து நானே இடிச்சது."

"கடைச் சாமான்னா யோசிக்கணும். கந்தகம் கலந்திருந்தா வில்லைக்கு விஷம். இது முதல் சூட்டுலயே எரிஞ்சு போயிரும். மாட்டுங்கக்கா."

மாட்டினார்கள். கதிரின் அளவு காட்டும் முள் நேராக நின்றது. பீர்முகமது கேன்டீனில் இதை ஒரு கதையாக்கி, ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பு அப்படியே எங்கேயோ சேர்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் உருக்காலை வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், மண்ணிலிருந்து உலோகம் எடுக்கும் ஆலை. அதற்கும் இதே ஏழு குழல்கள்தான் கதிர் அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் நல்லசிவம் சொல்லிவிட்டார். நம் சேமிப்பு மின்கலங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். குழல்களில் இழுப்பு ஏறியது. சில மாதத்தில் முட்கள் இறங்க ஆரம்பித்தன.

மேனேஜர் மேட்டுக்கு வந்தார். நல்ல உடுப்பு, அமைதியான பேச்சு.

"முள் இறங்குதுன்னா சூட்டைக் கூட்டுங்க தேவசகாயம். அதுதானே வழி?"

"கூட்டினா கொஞ்ச நாள் ஏறும் சார். அப்புறம் இன்னும் வேகமா இறங்கும்." தேவசகாயம் ஒரு தேய்ந்த வில்லையை எடுத்துக் காட்டினான். "இது உள்ளுக்குள்ள பஞ்சு மாதிரி துளையா இருக்கும். துளைக்குள்ள பேரியம். சூடு பட்டா அது மெதுவா மேல கசிஞ்சு வந்து ஒரு அணு கனத்துக்குப் படரும். அந்தப் படலம் இருக்கற வரைக்கும்தான் எலக்ட்ரான் லேசா வெளிய வரும். வந்தது வில்லைக்கு மேல ஒரு மேகமா நிக்கும். நாம மேகத்துல இருந்து அள்ளினா வில்லைக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப மேகமே நிக்காத அளவுக்கு இழுக்கோம். மூடி இல்லாத குழல், சுத்தி நம்ம ஆளுங்க உடுப்புல கசியுற காத்து. இவ்வளவு ஓட்டத்துல அந்தக் காத்து உடைஞ்சு திரும்பி வந்து வில்லை மேலயே அடிக்குது. படலம் பிஞ்சு போகுது. உள்ள இருந்து கசிஞ்சு வர நேரம் இல்ல. சூட்டைக் கூட்டினா இருக்கற பேரியமும் ஆவியாப் போயிரும்."

"சுரக்கிறதுக்கு முன்னாடி கறந்தா ரத்தம்தான் சார் வரும்" என்றாள் ஆவுடை.

"நெலாவுல ஏதுக்கா மாடு" என்றார் பீர்முகமது.

மேனேஜர்கூடச் சிரித்தார். "சரி, என்ன செய்யணும்?"

"இழுப்பைக் குறைக்கணும். அப்பப்ப ஒரு நாள் சூட்டை மட்டும் வச்சு, சும்மா விடணும். படலம் திரும்பி வந்துரும்."

"உருக்காலை நிக்க முடியாதே தேவசகாயம். நீங்க புத்திசாலி, வேற வழி பாருங்க" என்று அவன் தோளைத் தட்டினார். இறங்கும்போது போகிறபோக்கில் சொன்னார்: "இந்த வருஷம் பூஜைக்கும் நிறுத்த வேண்டாம்."

தேவசகாயம் சூட்டைக் கூட்டினான்.

ஒரு நாள் பள்ளத்தில் விசிறிகள் நின்றன. சட்டென்று அந்த இரைச்சல் இல்லாமல் போனதும் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்தே விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மேட்டில் ஒரு வில்லை செத்துப் போயிருந்தது.

பூமியிலிருந்து கம்பெனி காரணம் கேட்டது. காரணம் சொல்ல மேனேஜருக்கு ஆள் தேவைப்பட்டது. பீர்முகமதின் கேன்டீன் கதை யார் வாய் வழியாகவோ அவர் காதுக்குப் போயிருந்தது.

கேன்டீனிலேயே எல்லாரையும் கூட்டினார்.

"ஆவுடையம்மா, ஏழாவது வில்லையில குங்குமம் வெச்சீங்களா?"

"வச்சேன்."

"ஏன்?"

"கை போயிட்டு சார். தப்புதான். துடைச்சேன். இன்ஜினியர்ட்ட காட்டித்தான் மாட்டினேன்."

மேனேஜர் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். "அந்தக் குங்குமம் ஆவியாகி, மத்த வில்லைகளையும் கெடுத்திருக்கலாம் இல்லையா?"

தேவசகாயம் தரையைப் பார்த்தான். ஊரே அவன் வாயைப் பார்த்தது.

"இருக்கலாம்" என்றான்.

பீர்முகமது ஆவுடையின் முகத்தைப் பார்க்காமல் கூட்டத்தின் பின்னால் போய் நின்றார்.

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. ஆவுடைக்கு மேட்டில் ஏறத் தடை. விசாரணைக்கு அடுத்த கப்பலில் ஆள் வரும். அவர் முன்னால் "என் பொட்டுதான் காரணம்" என்று அவள் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. பள்ளத்திலேயே சமையல் வேலை பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதே கப்பலில் பூமிக்கு.

அவள் எலும்பு எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மேனேஜருக்கும்.

"பொட்டு வச்சது நான். அதைச் சொல்லிட்டேன்" என்றாள் ஆவுடை. "அதனால கெட்டுதுன்னு சொல்ல மாட்டேன். கப்பல் வரும்போது வரட்டும்."

ஏழாவது வில்லை சாட்சி ஆயிற்று. அதில் கதிர் எடுப்பதை நிறுத்தினார்கள். அதன் பாரமும் உயிரோடிருந்த மற்ற ஐந்தின் தலையில் ஏறியது.

பூஜை நெருங்கிய சமயம். கேன்டீன் அடுக்களையில் ஆவுடை கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா."

"டீ இல்ல. பால்பொடி தீந்துட்டு."

"டீக்கு வரல."

"அப்ப இன்னொரு 'இருக்கலாம்' கொண்டாந்திருக்கீங்களா சார்?"

அவன் உள்ளே வந்து மூட்டைமேல் உட்கார்ந்தான். "திட்டுங்க. ஆனா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிருங்கக்கா. வார்த்தைதானே. சொன்னா உயிரோட இங்கயே இருக்கலாம்."

"நான் சொன்னா என்ன ஆகும்? குழலுக்குச் சீக்கு பொட்டாலன்னு ஆயிரும். பொட்டை நிப்பாட்டுவாங்க. இழுப்பை நிப்பாட்ட மாட்டாங்க. மிச்ச வில்லையும் ஒண்ணொண்ணாச் சாகும். அப்புறம் இந்தப் பள்ளத்துல யாரு எலும்பு நிக்கும்?"

"தெரியும்."

"தெரியும்லா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரியாம செய்யுதவங்கன்னா உக்காரவச்சுச் சொல்லிக் குடுக்கலாம். நீங்கள்லாம் தெரிஞ்சுகிட்டுச் செய்யுதீங்க. உங்கள என்ன செய்ய?"

"ஊர்ல அம்மா கம்பெனி குவார்ட்டர்ஸ்ல இருக்கா" என்றான் அவன்.

ஆவுடை கடலையைக் கிளறினாள். அடுப்பைக் குறைத்தாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். "ஒண்ணு கேக்கேன். ஏழாவது வில்லை சாட்சின்னா, கழட்டி டப்பாவுல போட்டுப் பூட்ட வேண்டியதுதான? ஏன் இன்னும் சூட்டுல வச்சிருக்கீங்க?"

"ஆறிட்டா கறை மாறிரும், சாட்சி கெட்டுப் போகும்னு மேனேஜர்ட்ட சொன்னேன். அவரும் சரின்னுட்டார்."

"சூடு மட்டும். இழுப்பு இல்ல."

"இழுப்பு இல்ல."

"கறைக்காகத்தான் சொன்னீங்களா? இல்ல, ஒண்ணாவது பிழைச்சுக் கிடக்கட்டும்னா?"

தேவசகாயம் தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்துத் தோலை ஊதினான். மென்றான். விழுங்கினான்.

"இருக்கலாம்க்கா."

கேன்டீனில் ஊரைக் கூட்டிய நாளுக்குப் பிறகு ஆவுடை சிரித்தது அப்போதுதான்.

பூஜை அன்று குழல்களுக்கு லீவு இல்லை என்று அறிவிப்பு வந்தது. ஆனாலும் ஆவுடை பொரி பொட்டலம் கட்டினாள். இதே கூடத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது விளக்குகள் மங்கின. மறுபடி பிரகாசமாகவில்லை. விசிறிகளின் சத்தம் இறங்கியது. ஒலிபெருக்கியில் மேனேஜர்: "உருக்காலையில் உலோகம் ஊற்றும் நேரம். பள்ளத்துக்கு வரும் கதிர் சிறிது நேரம் குறைக்கப்படுகிறது. யாரும் பதற வேண்டாம்."

மேட்டிலிருந்து பீர்முகமது ரேடியோவில் வந்தார். குரலில் கேலி இல்லை. "யக்கா, இன்னொண்ணு போயிட்டு. மிச்சம் நாலு. மூணை உருக்காலைப் பக்கம் திருப்பச் சொல்லுதாரு. பள்ளத்துக்கு ஒண்ணு. அதுவும் முள்ளு ஆடிக்கிட்டே நிக்கி. எப்ப விழும்னு தெரியல."

ஆவுடை பொரிக் கூடையைக் கீழே வைத்தாள். மேசைமேல் ஏறவில்லை, கத்தவில்லை. இருக்கிற இடத்திலேயே நின்று சொன்னாள்.

"கேளுங்க. இன்னிக்கு ஆயுத பூஜை. எல்லாக் குழலும் இன்னிக்குச் சும்மா இருக்கணும். இல்லன்னா அடுத்த பூஜைக்கு நாம யாரும் இருக்க மாட்டோம். ஓய்வுல கிடந்த வில்லை ஒண்ணு இருக்கு. அது ஒண்ணு நம்மளத் தாங்கும்னு நான் நம்புதேன். ஆனா எல்லா அறைக்கும் சூடு குடுக்க அதால ஆகாது. எல்லா அறையையும் அடைச்சிட்டு இந்தக் கூடத்துக்கு வந்துரணும். ஒரு நாள். குளிரும். சம்மதம் இல்லாம நான் மேல போக மாட்டேன்."

"பச்சப்பிள்ளை இருக்கே" என்றாள் சுவரோரம் நின்ற ஒருத்தி. பிரசவமாகி மூன்று வாரம்.

"பிள்ளையை நடுவுல வையி. நாங்க சுத்தி உக்காந்துக்கிடுதோம்."

"அந்த வில்லைலதான் விஷம்னு சொன்னாங்களே" என்றார் ஒருவர்.

"சொன்னாங்க. விஷமா இல்லையான்னு அதுகிட்டயே கேட்டுருவோம்."

அந்தப் பிள்ளைக்காரிதான் முதலில் நடந்தாள். கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராகப் போய் அறைகளை அடைத்துவிட்டுப் போர்வையோடு வந்தார்கள். அன்று உட்கார்ந்த அதே வரிசையில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மேட்டுக்குப் போகும் கம்பிவண்டி வாசலில் காவலாள் நின்றான். "அக்கா, உங்களுக்குத் தடை இருக்குல்லா?"

"இருக்கு. நீ தடுக்கப் போறியா, பொரி வாங்கப் போறியா?"

அவன் பொரியை வாங்கிக்கொண்டான்.

மேட்டின் கட்டுப்பாட்டு அறையில் பீர்முகமதோடு தேவசகாயம் இருந்தான். கழுத்தில் சாவி. மேனேஜரின் குரல் ஸ்பீக்கரில் அவனை அழைத்தபடி இருந்தது.

ஆவுடை கையை நீட்டினாள். "சாவி."

"பிடுங்கிக்கோங்கக்கா. நீங்க பிடுங்கினதா இருக்கட்டும். நான் குடுத்ததா ஆனா..."

"நான் பிடுங்க மாட்டேன். உங்க கழுத்து, உங்க கை. என்ன செய்யணுமோ நீங்களே செய்யுங்க, தம்பி."

அதுவரை அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அவன் சாவியைக் கழற்றினான். அவள் கையில் தரவில்லை. தானே பலகையில் நுழைத்துத் திருப்பினான். பிறகு நகர்ந்து நின்று அவளுக்கு இடம் விட்டான்.

ஆவுடை ஒவ்வொரு குழலின் இழுப்புப் பிடியாகக் கீழே இறக்கினாள். செத்ததாக விட்டிருந்த வில்லைகளுக்கும் சூட்டை மட்டும் கொடுத்தாள். சன்னலுக்கு வெளியே வில்லைகள் தணலாக நின்றன. முட்களெல்லாம் தரைக்கு வந்தன. பள்ளத்துக்கு இப்போது கதிரே இல்லை. கீழே விசிறி நின்றிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஏழாவது பிடியில் கை வைத்தாள். பதறி இழுத்தால் வில்லை அடி வாங்கும். முதலில் சூடு, அப்புறம் இழுப்பு. சூடு மாதக்கணக்கில் இருந்தது. கொஞ்சம் ஏற்றினாள். முள் அசைந்தது. இன்னும் கொஞ்சம். முள் கூடவே வந்தது. நடுக்கோட்டைத் தாண்டியது.

"யக்கா" என்றார் பீர்முகமது. "என்ன இது, நட்டமா நிக்கி."

"நிக்கட்டும். கதிரைப் பள்ளத்துக்குத் திருப்புங்க."

ஸ்பீக்கரில் மேனேஜர்: "யார் நிறுத்தினது? உலையில உலோகம் உறைஞ்சிட்டு இருக்கு! தேவசகாயம், அங்க யாரு?"

ஆவுடை மைக்கின் பக்கம் குனிந்தாள். "உறைஞ்சா மறுபடி உருக்கிக்கலாம் சார். உலோகம்தான."

கீழே இந்தக் கூடத்தில் விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. யாரும் கைதட்டவில்லை. நடுவில் இருந்த பிள்ளை பசிக்கு அழுதது. அழ மூச்சிருக்கிறதே என்று அதன் அம்மாவுக்குக் கண் நிறைந்தது. ஒரு நாள் முழுக்க அந்த ஒற்றை வில்லை நம்மைச் சுமந்தது. மறுநாள் மற்றவற்றை மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். இறங்கிக்கிடந்த நான்கும் எழுந்தன, புதுசு போல இல்லாவிட்டாலும். செத்ததாக நினைத்த இரண்டில் ஒன்று கண் விழித்தது. இன்னொன்று கடைசிவரை எழவே இல்லை. போனது போனதுதான்.

கதை இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை கண்ணுகளா. கஷ்டமான இடம் இனிமேல்தான்.

கப்பல் வந்தது. விசாரணைக்கு ஓர் அம்மா வந்தார். கறாரான முகம். பூமியின் கனமான நடையை விட முடியாமல் இங்கே துள்ளித் துள்ளி நடந்தார். வில்லைகள் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு கேன்டீனில் ஊர் கூடியது.

மேனேஜர் எழுந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"அளவு பார்த்தீங்க மேடம். ஏழுலயும் நல்லா இருக்கறது எது? பொட்டு வெச்சது. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், ஒத்துக்கறேன். அந்தக் குங்குமம் வில்லையைக் கெடுக்கல, பலப்படுத்தியிருக்கு. இனிமே எல்லா வில்லைக்கும் ஆவுடையம்மா கையாலயே பொட்டு. அவங்க இங்கயே இருக்கட்டும், சம்பளம் கூட்டியே தரலாம். குழலும் நிக்க வேண்டாம், ஆலையும் நிக்க வேண்டாம்."

பாருங்கள், ஓய்வு என்ற ஒரு சொல்லை ஒப்புக்கொள்வதைவிட அவருக்குக் குங்குமத்தை நம்புவது சுலபமாக இருந்தது. அதைவிடச் சங்கடம், நம் ஆட்களுக்கும் அது பிடித்துப்போனது. "தாயி காப்பாத்திட்டா" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆவுடை தலையாட்டினால் போதும். எலும்பு பிழைத்தது, பேரும் கிடைத்தது, கும்பிடவும் ஆள் இருந்தது.

அவள் எழுந்தாள்.

"பொட்டால கெட்டுதுன்னு சொல்லச் சொன்னீங்க, மாட்டேன்னேன். இப்ப பொட்டால பிழைச்சுதுங்கீங்க. இதுக்கும் மாட்டேன். அந்த வில்லைய யாரும் கறக்காம விட்டீங்க, அது பிழைச்சுது. அவ்வளவுதான். சாமி பேரைச் சொல்லி அடுத்தவன் முதுகுல ஏறி உக்கார என் குங்குமத்தைத் தர மாட்டேன்." பிறகு நம் ஆட்களைப் பார்த்தாள். "நீங்களும் கும்பிடாதீங்க. கும்பிட்டுட்டா கேக்க மறந்துருவீங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டவர் கையைக் கீழே இறக்கினார். விசாரணை அம்மா மேனேஜரைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார், கடைசியில் தேவசகாயத்திடம் நின்றார். "நீங்கதானே இன்ஜினியர். குங்குமம்தான் காரணமா இருக்குமா?"

பீர்முகமது கண்ணை மூடிக்கொண்டார். அந்த வார்த்தை மறுபடி வரப்போகிறது என்று நினைத்தார்போல.

"இல்லை" என்றான் தேவசகாயம். "கெட்டதுக்கும் காரணம் இல்லை, பிழைச்சதுக்கும் காரணம் இல்லை. இழுப்புதான். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"உலோகம் உறைஞ்ச நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? குழலை நிறுத்தினது யார்?"

ஆவுடை வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"சாவி என் கழுத்துல இருந்துச்சு. திருப்பினது என் கை."

அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆவுடை இங்கேயே இருந்தாள். இழுப்புக்கு ஒரு வரம்பு வந்தது, ஓய்வு நாள் திரும்பி வந்தது. மேனேஜர் கொஞ்ச காலம் இருந்தார். அடுத்த பூஜைக்கு அவரும் இந்தக் கூடத்தில்தான் வந்து உட்கார்ந்தார். வேறே எங்கே போவார், அவர் அறையும்தானே குளிரும். நகர்ந்து இடம் கொடுத்தோம். பொரியும் கொடுத்தோம்.

கப்பலில் போனது தேவசகாயம். வேலையும் போனது, அம்மாவின் குவார்ட்டர்ஸும் போனது. எலும்பு இளசு, பூமியைத் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். ஏறும் முன் ஆவுடை ஒரு பொரிப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"வீட்டுக்கு எங்க போவீங்க தம்பி?"

"பாக்கணும்க்கா. அம்மா கோவிக்க மாட்டா. கோவிக்கலாம். தெரியல."

"போய் இறங்கின உடனே எந்திரிச்சு ஓடாதீங்க. காலு கனக்கும், மூச்சு வாங்கும். மெதுவாப் பழகுங்க." அவன் உடுப்பின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள். "முதல்ல சூடு. அப்புறம் இழுப்பு."

அவன் சிரித்துக்கொண்டே படியேறினான். அவன் நெற்றியில் அவள் பொட்டு வைக்கவில்லை. கிறிஸ்தவ வீட்டு வேதக்காரப் பிள்ளை, அவனுக்கு எதற்கு. கையைப் பிடித்து அழுத்திவிட்டு அனுப்பினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு வில்லை முறை வைத்து நம்மைச் சுமக்கும். மற்றவை சும்மா கிடக்கும். நாமும் சும்மா கிடப்போம், இப்படி ஒட்டிக்கொண்டு. உங்கள் அறை இப்போது குளிர்ந்து கிடக்கிறதே, அது நம் ஊர் வாங்கிய ஓய்வின் குளிர். ஒருத்தன் அதற்காகப் பூமியின் கனத்தைச் சுமந்துகொண்டு போனான்.

கை சூடாகிவிட்டதா? நான் சொன்னேன் அல்லவா.

உங்கள் வீட்டுச் சுவரில் என்றைக்கும் சூடு இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் மூச்சு முட்டாமல் தூங்கட்டும். உழைத்துத் திரும்புகிறவர்களுக்குக் கேட்காமலே ஓய்வு கிடைக்கட்டும். கிடைக்காத நாளில் எழுந்து நின்று கேட்கிற வாய் ஒன்றாவது உங்கள் வீட்டில் பிறக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள், மக்களே. இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள்.